ஆப்பிரிக்காவின் நிலநடுக்கங்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

2017 ஏப்ரல் 3, மாலை 7.40 மணி. போட்ஸ்வானாவின் நடுவே, கலஹாரி மணல்வெளிக்கு அடியில், 6.5 அளவில் நிலம் நடுங்கியது. பக்கத்தில் புவித்தட்டுகளின் விளிம்பு கிடையாது. எரிமலை கிடையாது. இடர் வரைபடங்களில் வெளிறிய நிறத்தில் கிடந்த இடம் அது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் வேறொரு ஆய்வுக்காக 2013 முதல் நாடெங்கும் 21 நிலநடுக்கமானிகளைத் தற்காலிகமாக வைத்திருந்தது. அதனால் அந்த நடுக்கத்தையும் அதன் பின்னதிர்வுகளையும் அருகிலிருந்தே பதிவுசெய்ய முடிந்தது. அதிர்ஷ்டம்தான். அதே அளவு நடுக்கம் 1890இல் அங்கே வந்திருந்தால் இன்று நமக்கு அதைப் பற்றி ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது.

இந்தக் கண்டத்தின் நிலநடுக்கங்களைப் படிக்க வருபவர் முதலில் பழகவேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: அப்போது அங்கே கேட்டுக்கொண்டிருந்தது யார்? கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கப்போகிறோம்.

புவியியலோ கட்டடப் பொறியியலோ படிக்கும் மாணவர், தரவுகளோடு விளையாடுவதில் ஆர்வமுள்ளவர், செய்தி எழுதுபவர், யாராக இருந்தாலும் இதைப் பின்பற்றலாம். ஒரு மடிக்கணினி, இணையம், எக்செல் போதும். பைத்தான் தெரிந்தால் பாதியில் கைகொடுக்கும். தெரியாவிட்டால் அந்தப் பாதிக்கு வரும்போது கற்றுக்கொள்ளலாம். எக்செல் தவிர, இங்கே சொல்லும் தரவுகளும் மென்பொருள்களும் இலவசம்.

படி 1: கண்டத்தை நான்காகப் பிரியுங்கள்

"ஆப்பிரிக்காவில் நிலநடுக்கம்" என்று ஒற்றைத் தலைப்பில் படிக்கத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். நான்கு வேறு கதைகள் அங்கே ஓடுகின்றன.

வடக்கே மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா. ஆப்பிரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பாறை மடிந்து ஏறுகிறது, ஏறும்போது நடுங்குகிறது. 1980இல் எல் அஸ்னாம் (7.1), 2003இல் பூமெர்தெஸ் (6.8), 2023 செப்டம்பர் 8 இரவில் மொராக்கோவின் அல் ஹவூஸ் (6.8) எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை.

கிழக்கே நிலைமை தலைகீழ். எத்தியோப்பியாவின் அஃபாரிலிருந்து மொசாம்பிக் வரை கண்டம் கிழிந்துகொண்டிருக்கிறது. மேற்கே நூபியத் தட்டு (ஆப்பிரிக்கத் தட்டின் பெரும்பகுதி), கிழக்கே சோமாலியத் தட்டு, நடுவில் விக்டோரியா ஏரியைச் சுமந்துகொண்டு தனியாகச் சுழலும் ஒரு குட்டித் தட்டு. பிரியும் வேகம் எத்தியோப்பியாவில் ஆண்டுக்கு 5–6 மில்லிமீட்டர். தெற்கே மலாவிக்குப் போகப்போக 2–3 மில்லிமீட்டராகக் குறைகிறது. இந்தப் பிளவுக்கு இரண்டு கிளைகள். எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போகும் கிழக்குக் கிளையில் எரிமலைகள் அதிகம், பெரும்பாலும் நடுத்தர நடுக்கங்கள். தாங்கனிக்கா, ருக்வா, மலாவி ஏரிகள் வழியாக இறங்கும் மேற்குக் கிளையில் எரிமலைகள் குறைவு. ஆனால் அங்கே மேலோடு குளிர்ந்து தடித்திருப்பதால் 30 கி.மீ. ஆழத்துக்குக் கீழேயும் பாறை முறிகிறது, பெரிய நடுக்கங்களும் வருகின்றன. 1910 டிசம்பரில் ருக்வா பகுதியில் வந்த நடுக்கத்தின் அளவு சுமார் 7.4.

மூன்றாவது, "அசையாத" உட்பகுதி. மேற்கோள்குறியைக் கவனியுங்கள். போட்ஸ்வானா தவிர, 1939இல் கானாவின் அக்ராவும் 1983இல் கினியும் இந்த வகையில் அடிவாங்கியவை. நான்காவது, மனிதர் தோண்டியும் தேக்கியும் உண்டாக்கும் நடுக்கங்கள். அதற்குத் தனிப் படி வைத்திருக்கிறேன்.

படி 2: சொற்களில் ஒரு முடிவு எடுங்கள்

தமிழில் 'பிளவு' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது: கண்டம் கிழியும் பெரும்பள்ளத்தாக்குக்கும் அதுதான், பாறை முறிந்து நழுவும் கோட்டுக்கும் அதுதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். எனவே பள்ளத்தாக்கைப் 'பிளவு' என்றும் நழுவும் கோட்டை 'ஃபால்ட்' என்றும் வைத்துக்கொள்கிறேன். தூய்மைவாதிகள் மன்னிக்கவும்.

நம் பத்திரிகைகள் இன்னமும் "ரிக்டர் அளவுகோலில்" என்று எழுதுகின்றன. பெரிய நடுக்கங்களுக்கு இன்று பயன்படுவது திருப்புத்திறன் அளவு (நழுவிய பாறைப் பரப்பையும் நழுவிய தூரத்தையும் கொண்டு கணிப்பது), தரவில் எம்.டபிள்யூ. என்று வரும். பழைய, சிறிய நடுக்கங்களுக்கு எம்.பி., எம்.எஸ். என்ற வேறு அளவுகளும் உண்டு. ஒரே நடுக்கத்துக்கு இவை வெவ்வேறு எண்களைத் தரும். ஒன்றை மற்றொன்றோடு அப்படியே கூட்டி வரைபடம் போடாதீர்கள். அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு.

படி 3: பட்டியலை இறக்குங்கள், கட்டத்தைக் கவனமாகப் போடுங்கள்

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் (யு.எஸ்.ஜி.எஸ்.) நிலநடுக்கப் பட்டியல் தேடும் பக்கத்துக்குப் போங்கள். தேதி, குறைந்தபட்ச அளவு, நான்கு எல்லைகள் கொடுத்தால் எக்செல்லில் திறக்கும் கோப்பாகவே கிடைக்கும். ஒரே தேடலில் 20,000 நடுக்கங்கள்தான் தருவார்கள். அதற்கு மேல் போனால் ஆண்டுகளைத் துண்டாக்கித் தேடவேண்டும்.

நான் முதன்முதலில் செய்தது இது: தெற்கே −35, வடக்கே 38, மேற்கே −20, கிழக்கே 52 என்று கண்டம் முழுவதற்கும் ஒரே கட்டம். வந்து குவிந்த எண்ணிக்கையைப் பார்த்து, ஆப்பிரிக்கா இவ்வளவு நடுங்குகிறதா என்று வாய்பிளந்தேன். வரைபடத்தில் புள்ளி வைத்த பிறகுதான் தெரிந்தது. கிரீட் தீவு, சைப்ரஸ், ஈரானின் தென்மேற்கு, அட்லாண்டிக் கடலடி மலைத்தொடர், ஏடன் வளைகுடா என்று அண்டை வீட்டுச் சரக்கெல்லாம் என் வலையில் விழுந்திருந்தது. ஊரே ஆடும் கிரேக்கத்தைச் சேர்த்துக்கொண்டு ஆப்பிரிக்காவைப் பற்றி என்ன முடிவுக்கு வரமுடியும்?

அதனால் துண்டுகளாக எடுங்கள். பிளவுப் பகுதிக்கு: தெற்கே −27, வடக்கே 15, மேற்கே 25, கிழக்கே 44. வடமேற்குக்கு: 27 முதல் 38 வரை, −14 முதல் 12 வரை (தென் ஸ்பெயின் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், கையால் நீக்குங்கள்). முதல் பயிற்சிக்குப் பிளவுப் பகுதியே போதும். 1973 முதல் இன்று வரை, குறைந்தபட்ச அளவு 4.0.

கோப்பைத் திறந்ததும் எல்லாரும் அளவு நிரலுக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஆழம் நிரலைப் பாருங்கள். 10, 10, 10, 10 என்று வரிசையாக நிற்கும். அத்தனையும் சரியாகப் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தனவா? இல்லை. அருகில் நிலையம் இல்லாததால் ஆழத்தைக் கணிக்க முடியவில்லை. கணக்கு ஓடவேண்டும் என்பதற்காக 10 என்று கட்டிவைத்திருக்கிறார்கள். பழைய நடுக்கங்களில் 33 என்ற எண்ணும் இதே வேலையைச் செய்யும். இதை அறியாமல் "கிழக்கு ஆப்பிரிக்க நடுக்கங்கள் பெரும்பாலும் 10 கி.மீ. ஆழத்தில்" என்று எழுதிவிட்டால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார்.

அடுத்தது 'கேப்' என்ற நிரல். நடுக்கத்தின் மையத்தில் நின்று சுற்றிலும் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுசெய்த நிலையங்கள் எந்தெந்தத் திசையில் இருக்கின்றன? நிலையமே இல்லாத மிகப் பெரிய கோணம் எத்தனை பாகை? அதுதான் இது. 180க்கு மேல் போனால், கருவிகள் எல்லாம் ஒரே பக்கமாக நிற்கின்றன என்று பொருள். மையத்தின் இடத்தை அப்படியே நம்பவேண்டாம். பக்கத்திலேயே மிக அருகிலிருந்த நிலையத்தின் தூரமும் இருக்கும், பாகையில். ஒரு பாகை சுமார் 111 கி.மீ. இந்த இரண்டு நிரல்களையும் வைத்து, கென்யாவையும் கலிஃபோர்னியாவையும் ஒருநாள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் சுத்தமான பட்டியல் வேண்டுமானால் இங்கிலாந்தின் தாச்சம் ஊரிலிருக்கும் பன்னாட்டு நிலநடுக்க மையத்தின் (ஐ.எஸ்.சி.) தொகுப்பு. உலகெங்கும் உள்ள நிலையங்கள் அனுப்பும் அலை வருகை நேரங்களைச் சேர்த்து, மனிதர் கண்ணால் சரிபார்த்து வெளியிடுகிறார்கள். சரிபார்த்த தொகுப்பு சுமார் இரண்டு ஆண்டு பின்தங்கி வரும். நேற்றைய நடுக்கத்துக்கு அமெரிக்கப் பட்டியல், ஆய்வுக்கு இது.

படி 4: நிலையங்களின் வரைபடத்தை மேலே வையுங்கள்

நடுக்கங்களின் வரைபடத்தை மட்டும் பார்ப்பது, கூட்டத்தில் மைக் பிடித்தவர் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்று முடிவுகட்டுவதைப் போன்றது. எனவே நிலையங்கள் எங்கே இருக்கின்றன, எந்த ஆண்டிலிருந்து இயங்குகின்றன என்ற பட்டியலையும் இறக்குங்கள். முன்பு ஐரிஸ் என்றும் இப்போது எர்த்ஸ்கோப் என்றும் அழைக்கப்படும் அமைப்பின் தளத்தில் கிடைக்கும்.

பழகிக்கொள்ளவேண்டிய சில பெயர்கள்: எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவை ஒட்டிய ஃபூரி மலை, கென்யாவில் கிலிமா ம்போகோ, உகாண்டாவில் ம்பராரா, சாம்பியாவில் லுசாகா, போட்ஸ்வானாவில் லொபாட்சே, நமீபியாவில் ட்சுமெப், தென்னாப்பிரிக்காவில் சதர்லாந்து, ஜிபூட்டியில் ஆர்த்தா, அல்ஜீரியப் பாலைவனத்தில் தமன்ராசெத். இவற்றில் கிலிமா ம்போகோவும் லொபாட்சேயும் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தின் கண்காணிப்பு வலையிலும் உண்டு. அணுகுண்டு வெடிக்கிறதா என்று கேட்க வைத்த காது நிலநடுக்கத்தையும் கேட்கிறது. ஆப்பிரிக்காவில் நல்ல நிலையங்கள் பலவும் இப்படி வேறு காரியத்துக்காக வந்தவைதான்.

கதை பழையது. எகிப்தில் 1899இல் நிலநடுக்கமானி வைத்தார்கள். ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் உலகெங்கும் பரப்பிக்கொண்டிருந்த கருவி அது. ஏறக்குறைய அதே காலத்தில் நம் கொடைக்கானல் மலையிலும் ஒன்று ஏறியது. எத்தியோப்பியாவில் 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி அடிஸ் அபாபாவில் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் தொடங்கியதற்குக் காரணம் நிலநடுக்கமே இல்லை. அந்நகரம் புவிக் காந்தத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் அங்கே காந்தமானி வைக்க விரும்பியதுதான். அதை நடத்திய கனடிய ஏசு சபைத் துறவி பியேர் குவாங், பின்னாளில் எத்தியோப்பிய நிலநடுக்க வரலாற்றையே தொகுத்தார். 1961இல் காரா கோரே பகுதியில் தொடர் நடுக்கங்கள் மஜெத்தே ஊரை அழித்தபோது நாட்டுக்குள்ளிருந்து அதை ஆராய ஒருவர் இருந்ததற்கு அந்தக் காந்தமானிதான் மறைமுகக் காரணம்.

பின்னாளில் நாடுகள் தாமே கைகோத்தன. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நிலநடுக்கப் பணிக்குழு 1993இல் அமைந்தது; 2004இல் தென்னாப்பிரிக்காவின் விட்ஸ் பல்கலைக்கழகம், அந்நாட்டின் புவி அறிவியல் கழகம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 'ஆப்பிரிக்காஅரே' திட்டத்தைத் தொடங்கின. கருவி வைப்பதோடு, அந்தந்த நாட்டு மாணவர்களுக்கு முதுகலை, முனைவர் பயிற்சி கொடுப்பதும் அதன் பாதி வேலை. கருவி வைப்பவர் நாடு திரும்பிவிட்டால் பேட்டரி மாற்ற ஆள் வேண்டுமே.

நிலையங்களையும் நடுக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சாட், காங்கோ, அங்கோலா பக்கம் இரண்டுமே மெலிந்து கிடக்கும். அந்த வெற்றிடத்தில் எவ்வளவு பங்கு பாறையின் அமைதி, எவ்வளவு பங்கு காது இல்லாமை என்று பிரிப்பதுதான் அடுத்த வேலை.

படி 5: பட்டியல் எந்த அளவு வரை முழுமை என்று சோதியுங்கள்

இதற்கு எக்செல் போதும். உங்கள் பட்டியலில் 5.0க்கு மேல் எத்தனை, 4.5க்கு மேல் எத்தனை, 4.0க்கு மேல் எத்தனை என்று எண்ணுங்கள். உலகில் பெரும்பாலான இடங்களில் அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்காகும். அரை குறைந்தால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆகவே 5.0க்கு மேல் 100 இருந்தால் 4.5க்கு மேல் சுமார் 320, 4.0க்கு மேல் சுமார் 1,000 இருக்கவேண்டும்.

4.0க்கு மேல் 450தான் இருக்கிறது என்று வந்தால்? மீதி நடக்கவில்லை என்று பொருளில்லை. அவை பட்டியலுக்குள் வரவில்லை. எண்ணிக்கை எந்த அளவில் இந்தக் கணக்கிலிருந்து சரிகிறதோ அந்த அளவுக்குக் கீழே பட்டியலை நம்பாதீர்கள். இதையே பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்தும், எத்தியோப்பியா, தான்சானியா, மலாவி என்று தனித்தனியாகவும் செய்யுங்கள். உலகத்தரமான பொதுக் கருவிவலை 1960களில்தான் வந்தது. அதற்கு முந்திய பட்டியலில் பெரிய நடுக்கங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 2005 செப்டம்பரில் அஃபாரின் தப்பாஹு பகுதியில் பாறைக்குழம்பு பூமிக்கடியில் சுமார் 60 கி.மீ. நீளத்துக்குப் பாய்ந்து, நிலத்தை 8 மீட்டர் வரை அகட்டியது. அந்தச் சில நாளில் குவிந்த நடுக்கங்களைச் சாதாரணக் கணக்கோடு சேர்த்தால் சராசரி பாழாகும். 2024 செப்டம்பரிலிருந்து எத்தியோப்பியாவின் ஃபெந்தாலே எரிமலைப் பகுதியில் மாதக்கணக்கில் நீடித்த நடுக்கக் கூட்டமும் அப்படித்தான். இப்படிப்பட்ட கூட்டங்களையும் பின்னதிர்வுகளையும் பிரித்தெடுத்த பிறகே ஆண்டுச் சராசரி பேசலாம். பிரித்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எரிமலை ஆராய்ச்சிக்கு அதுதான் தங்கம்.

படி 6: ஓர் அலையையாவது உங்கள் கையால் அளந்து பாருங்கள்

இதுவரை பார்த்தது பிறர் சமைத்த எண். இப்போது அடுப்படிக்குள் நுழையுங்கள்.

ஜெர்மனியின் மியூனிக்கில் பிறந்த ஆப்ஸ்பை என்ற பைத்தான் நூலகத்தை நிறுவி, ஃபூரி மலை நிலையத்தின் பதிவு கிடைக்கும் ஒரு நாளைத் தேர்ந்து, ஃபெந்தாலே பக்கம் வந்த 4.5 அளவு நடுக்கம் ஒன்றின் அலையை இறக்குங்கள். மிகப் பெரிய நடுக்கம் வேண்டாம்; அருகிலுள்ள கருவி தாங்காமல் உச்சி வெட்டுப்பட்டுவிடும். திரையில் முதலில் ஒரு சிறு துடிப்பு: அது பி அலை. பிறகு கனத்த குலுக்கம்: எஸ் அலை. இரண்டுக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி 8ஆல் பெருக்குங்கள். கிலோமீட்டரில் தூரம் வந்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்ப்போமே, அதே கணக்குதான்.

ஃபெந்தாலேக்கும் ஃபூரி மலைக்கும் நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. ஆகவே இடைவெளி 17, 18 விநாடி வரவேண்டும். 25 வந்தால் எஸ் அலையைத் தவறான இடத்தில் குறித்திருக்கிறீர்கள், அல்லது நடுக்கமே வேறு. மூன்று நிலையங்களில் இப்படி அளந்து மூன்று வட்டம் வரைந்தால் வெட்டும் இடம் மையம். அசலில் வட்டங்கள் ஒரு புள்ளியில் வெட்டாமல் ஒரு முக்கோணத்தை விட்டுவைக்கும். அந்த முக்கோணத்தின் அகலத்தைப் பார்த்தவர், பட்டியலில் மூன்று தசமம் வரை அச்சிட்ட அட்சரேகையைப் பார்த்து இனி மயங்கமாட்டார்.

இது பிடித்துப்போனால் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் உருவாக்கிய செய்சான் மென்பொருளுக்கு நகருங்கள். ஆப்பிரிக்க நிலையங்களில் அன்றாடம் புழங்குவது அது. தோற்றம் பழையது, முகம் சுளிக்காமல் ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும்.

படி 7: கருவிக்கு முந்திய காலத்தைத் தேடும்போது

இங்கே சிக்குவது பெயரும் நேரமும்.

அல்ஜீரியாவில் ஒரு நகரம். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் ஓர்லியான்வில். 1954இல் நடுக்கத்தில் இடிந்தது. விடுதலைக்குப் பின் எல் அஸ்னாம். 1980இல் மறுபடி இடிந்தது. இன்று அதன் பெயர் ஷ்லெஃப். ஒரே ஊர், மூன்று பெயர், இரண்டு பேரழிவு. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வரலாறு நழுவிவிடும். கண்டம் முழுவதும் இந்தக் கூத்து உண்டு.

நேரம் இன்னும் வேடிக்கை. எத்தியோப்பியாவிலும் சுவாஹிலி பேசும் நாடுகளிலும் மக்கள் மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுகிறார்கள். "பகல் ஒரு மணிக்கு வீடு ஆடியது" என்று மூதாட்டி சொன்னால் நம் கடிகாரத்தில் காலை ஏழு. நாழிகைக் கணக்கை உதயத்திலிருந்து தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புரியவேண்டும். எத்தியோப்பிய ஆண்டும் நம் காலண்டருக்கு ஏழெட்டு ஆண்டு பின்னே நிற்கும். இதோடு கருவிப் பட்டியல்கள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மூன்றையும் ஒரே நிரலில் மாற்றி எழுதிய பிறகே ஒப்பிடுங்கள்.

மிஷனரிக் கடிதங்கள், மாவட்ட அதிகாரிகளின் குறிப்பேடுகள், பழைய செய்தித்தாள்கள் ஆகியவற்றைக் கிளறி ஆப்பிரிக்காவின் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க நடுக்கங்களை மறுமதிப்பீடு செய்தவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக்கோலஸ் அம்ப்ரேசிஸ். அவர் முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எழுதத் தெரிந்தவர் எங்கே குடியிருந்தாரோ அங்கேதான் நடுக்கம் பதிவானது. துறைமுகமும் ரயில் பாதையும் இருந்த ஊர்களில் வரலாறு தடித்திருக்கும்.

படி 8: தரையையும் வானத்தையும் கேளுங்கள்

மலாவி நல்ல பாடம். அங்கே பிளவு ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் அளவில் அகல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய நடுக்கத்தில் ஃபால்ட் 2 மீட்டர் நழுவும் என்றால், அந்த இரண்டு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு வேண்டும். அதுவும் முழு இழுவிசையையும் ஒரே ஃபால்ட் சுமந்தால்தான். பல ஃபால்ட்கள் பங்குபோட்டால் இன்னும் நீளும். நம்மிடம் உள்ள கருவிப் பட்டியலோ அறுபது ஆண்டு. ஆயிரம் பக்கப் புத்தகத்தில் அறுபது பக்கம் படித்துவிட்டுக் கதை சொல்வதா?

ஆகவே நிலத்தைப் படிக்கிறார்கள். மலாவி ஏரியின் தெற்கே பிலிலா–ம்டகடகா ஃபால்ட் 100 கி.மீ.க்கு மேல் நீளும் ஒரு படிக்கட்டாகத் தரையில் தெரிகிறது. செயற்கைக்கோள் படங்களில் நீங்களே தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். அது மொத்தமாக ஒரே முறையில் நழுவினால் வரக்கூடிய அளவு, பட்டியலில் உள்ள எந்த மலாவி நடுக்கத்தையும்விட மிகப் பெரியது. 2009 டிசம்பரில் கரோங்காவை ஆட்டிய தொடர் நடுக்கங்களில் பெரியதே 6.0தான்.

வானத்திலிருந்து ஜி.பி.எஸ். நெவாடா பல்கலைக்கழகத்தின் புவி அளவை ஆய்வகம் உலக நிலையங்களின் நகர்வை இலவசமாகத் தருகிறது. காபோனின் லிப்ரவில் (நூபியத் தட்டு), கென்யாவின் மலிந்தி (சோமாலியத் தட்டு) இரண்டின் வேகத்தையும் எடுத்துக் கழியுங்கள். இரண்டும் வடகிழக்காகத்தான் போகின்றன. ஆனால் கிழக்கு நோக்கி மலிந்தி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முந்துகிறது. கண்டம் கிழிவதை உங்கள் எக்செல்லிலேயே பார்த்துவிட்டீர்கள். 2014இல் ஏவிய சென்டினல்–1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களும் இலவசம். ஆனால் அது தனிக்கலை, ஒரு மாதம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

படி 9: மனிதர் கிளப்பும் நடுக்கங்களைப் பிரியுங்கள்

சாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் கரீபா அணை நிரம்பியதும் 1963 செப்டம்பரில் 6க்கு மேற்பட்ட நடுக்கம் வந்தது. நான்கு ஆண்டு கழித்து மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையருகே வந்த நடுக்கத்துக்கு இது அண்ணன் முறை. எகிப்தில் நாசர் ஏரிக்கரையில் கலப்ஷா ஃபால்ட் 1981இல் குலுங்கியபோது அஸ்வான் அணையை நினைத்து நாடே பதறியது. அந்தப் பகுதிக்கான தனிக் கண்காணிப்பு அதன் பின்தான் வந்தது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் இன்னொரு உலகம். 2005இல் கிளெர்க்ஸ்டோர்ப் அருகே 5.3, 2014 ஆகஸ்ட் 5இல் ஆர்க்னி அருகே 5.5. கோலார் தங்கவயலில் தாத்தா வேலைபார்த்த குடும்பங்கள் தமிழகத்தில் நிறைய. ஆழத்தில் பாறை வெடிப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நாட்டுப் பட்டியலில் சுரங்க வட்டாரத்தைத் தனியாக வெட்டி எடுக்காமல் தென்னாப்பிரிக்காவின் இயற்கை நடுக்கங்களைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

படி 10: இடர் வரைபடத்தைப் படிப்பது

வண்ண வரைபடத்தின் மூலையில் "50 ஆண்டில் 10 சதவீத வாய்ப்பு" என்றோ "475 ஆண்டு" என்றோ இருக்கும். இரண்டும் ஒன்றே. ஓர் ஆண்டில் 475இல் ஒரு பங்கு வாய்ப்பு என்றால் ஐம்பது ஆண்டில் அது பத்து சதவீதமாகச் சேர்கிறது. போன ஆண்டு வந்துவிட்டதால் இனி 474 ஆண்டு நிம்மதி என்று யாராவது சொன்னால், லாட்டரிச் சீட்டுக் கணக்கை நினைவூட்டுங்கள். வண்ணம் குறிப்பது தரையின் உச்ச முடுக்கத்தை, புவியீர்ப்பின் பங்காக: 0.1, 0.2 என்று.

நீங்களே கணக்கிடவும் வழியுண்டு. இத்தாலியின் பாவியாவில் இருக்கும் உலக நிலநடுக்க மாதிரி (ஜெம்) நிறுவனத்தின் ஓப்பன்குவேக் மென்பொருள் திறந்த மூலம். மாதிரிக் கணக்குகளோடு வரும். ஜெம்மும் ஆப்பிரிக்காஅரேயும் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுக்குச் செய்த முன்னோட்ட ஆய்வு 2017இல் வந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்பது நல்லது. உள்ளே போவது மூன்று: எங்கே நடுங்கும், எவ்வளவு அடிக்கடி, தூரம் கூடக்கூடக் குலுக்கம் எப்படித் தேயும். மூன்றாவதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வலுவான குலுக்கத்தின் பதிவுகள் ஆப்பிரிக்காவில் மிகக் குறைவு என்பதால் வேறு கண்டங்களின் சமன்பாடுகளைக் கடன் வாங்குகிறோம். எதைக் கடன் வாங்கினீர்கள், ஏன் என்று எழுதிவையுங்கள். இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்தால் அதே ஊரின் எண் எவ்வளவு தாவுகிறது என்று தெரியும்.

படி 11: வீட்டுச் சுவரைப் பாருங்கள்

போட்ஸ்வானாவில் 6.5, உயிரிழப்பு இல்லை. 2006இல் மொசாம்பிக்கின் மசாசே, 7.0, இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1960 பிப்ரவரி 29 இரவு மொராக்கோவின் அகாதிர், 5.8 அளவுதான், 12,000 பேருக்கு மேல் மாண்டனர். 1992இல் கெய்ரோவுக்கு அருகே, அதுவும் 5.8தான், ஐந்நூறுக்கு மேல் இறப்பு. ஊருக்கு மிக அருகே, பலவீனமான சுவர்கள் நின்ற இடத்தில் வந்ததுதான் வேறுபாடு. அல் ஹவூஸில் 2,900க்கு மேற்பட்டோர் இறந்ததற்கு மலைக்கிராமங்களின் மண், கல் வீடுகளும் மீட்பு வண்டி ஏறமுடியாத பாதைகளும் பெரிய காரணங்கள்.

எனவே உங்கள் இடர் வரைபடம் முடிந்ததும் அதன்மேல் மக்கள்தொகையையும் வீட்டு வகையையும் வையுங்கள். பச்சைச் செங்கல்லா, சுட்ட செங்கல்லா, கம்பி கட்டிய கான்கிரீட்டா? வரிசை தலைகீழாக மாறும் ஊர்கள் வரும். எழுதத் தகுந்தவை அவைதான்.

படி 12: ஆட்களைத் தேடிப் போங்கள்

அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் நிறுவனம், எகிப்தின் தேசிய வானியல் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், அல்ஜீரியாவின் வானியல் புவி இயற்பியல் ஆய்வு மையமான க்ராக், தென்னாப்பிரிக்காவின் புவி அறிவியல் கழகம், மலாவியின் புவியியல் ஆய்வுத் துறை: இவற்றின் அறிக்கைகளை வெளிநாட்டுத் தரவுக்கு முன்பாகப் பாருங்கள். அல்ஜீரியா, மொராக்கோ, காங்கோ அறிக்கைகளில் பலவும் பிரெஞ்சில் இருக்கும், மொசாம்பிக் போர்த்துகீசியத்தில். மொழிபெயர்ப்புக் கருவி போதுமான துணை, எண்களை மட்டும் மூலத்தில் சரிபாருங்கள்.

முறையான பயிற்சி வேண்டுவோர், ஜெர்மனியின் பொட்ஸ்டாம் புவி அறிவியல் மையமும் இத்தாலியின் திரியெஸ்த் நகரிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் வளரும் நாடுகளின் ஆட்களுக்கு நடத்தும் வகுப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆப்பிரிக்க மாணவர்களை நேரில் சந்திக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு ஆப்பிரிக்க ஆய்வாளருக்கு முதல் மின்னஞ்சல் எழுதும்போது "உங்கள் தரவைத் தரமுடியுமா" என்று தொடங்காதீர்கள். அவர் மலையேறிப் பேட்டரி மாற்றி, திருடுபோன சோலார் பலகைக்குப் புகார் எழுதி, இரவில் கண்விழித்து அலை குறித்த தரவு அது. நீங்கள் படி 3 முதல் 6 வரை செய்ததை, உங்கள் முக்கோணத்தோடு, இணைத்து அனுப்புங்கள். உங்கள் எஸ் அலைக் குறி எங்கே தவறு என்று அவர் பதில் எழுதினால், வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.